பஸ் ஸ்டாப்புல கெடச்ச மாமா

...அதெப்படிண்ணே, மைக்கையும் கையில குடுத்துட்டு, வாலாட்டாம பேசுன்னா எப்படி? தினம் காலையில ஸ்கூல் பிரேயர்ல 'இன்றைய சொல்' வாசிக்கிறது என் வேலை. நேத்து சொல்லு, 'மாமா'. நான் என்ன பண்ணுவேன்?

நேரா உக்காருங்கண்ணே. ச்சே... மாமா! நேரா உக்காருங்க மாமா. ஹெட்மாஸ்டர் ரூம் கதவு எப்ப வேணா தெறக்கும்.

நமக்கு மாமான்னா அம்மாகூடப் பொறந்தவரு. சீன மொழியில அம்மா. ஜார்ஜிய மொழியில... சிரிக்காதீங்க... அப்பா! சத்தியமா. சிங்களத்துல 'மம'ன்னா 'நான்'. அது சமஸ்கிருதத்துல 'என்னுடைய'ங்கிற சொல்லோட வாரிசாம், மத்ததோட ஒட்டுமில்ல உறவுமில்ல. எல்லாம் லைப்ரரி புக்குல இருக்கு. இதைச் சப்புனு வாசிச்சா எவன் கேப்பான்? அதான் அம்மாவுக்கு கணக்கு டீச்சர் குரல் குடுத்தேன்: 'ஏய் கடைசி பெஞ்சு, ஸ்டெப்பு எங்கடா?' அப்பாவுக்கு வாட்ச்மேன் இருமல். 'நான்'னு வந்துச்சா... அதுக்கு ஹெட்மாஸ்டர விட்டா யாரு? 'நான்ன்ன்... நான் சொல்றேன்... நான் இருக்கற வரைக்கும்...' ஸ்கூலே விழுந்து விழுந்து சிரிச்சுது. மாமா, அவரு எனக்குப் பின்னாடியே நின்னாரு!

'வீட்லேர்ந்து ஆளக் கூட்டிட்டு வா. இல்லேன்னா மைக்க மறந்துடு.' மைக் போச்சுன்னா நான் யாரு மாமா? கணக்குல பதினெட்டு மார்க் எடுத்தவன். அவ்ளோதான்.

அப்பாகிட்ட சொன்னா தோல உரிச்சுடுவாரு. அதான் நீங்க. அந்த 'மாமா'ங்கிற சொல்லு எப்படிப் பொறந்துச்சாம் தெரியுமா? கொழந்தை சும்மா ஒதட்ட மூடித் தெறக்கும், 'மமா'ன்னு சத்தம் வரும். பக்கத்துல நிக்கிறவங்க 'என்னத்தான் கூப்பிடுது'ன்னு எடுத்துப்பாங்களாம். பஸ் ஸ்டாப்புல நீங்க பக்கத்துல நின்னீங்க. கூப்பிட்டேன். வந்துட்டீங்க. தங்கமான மனுஷன்!

நீங்க வாயே தெறக்க வேணாம். அரை மணி முன்னாடியே ஹெட்மாஸ்டருக்கு அப்பா குரல்ல போன் போட்டுட்டேன்: 'ஹ்ம்க்கும்... ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை சார், மச்சான அனுப்புறேன்.' அவரு 'யாரு பேசுறதுன்னீங்க?'ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. அப்புறம் 'அப்படியா... அனுப்புங்க, அனுப்புங்க'ன்னாரு. தேனா ஒழுகுது! பக்கத்துல யார்கிட்டயோ 'கேளுங்க, கேளுங்க'ன்னாரு வேற.

இருங்க... உள்ள யாரோ எங்கப்பா குரல்ல பேசுறான். யாருடா அது, நமக்குப் போட்டியா? அட, அந்த 'ஹ்ம்க்கும்' கூட அப்படியே! என்னவிட நல்லா பண்றானே...

மாமா, கேட்டுச்சா? எங்க எந்திரிக்கிறீங்க?

மாமா?

அண்ணே...?