பஞ்சில் கட்டிய சோறு

— அந்தத் தூண்டில் முள்ளைக் கீழ வெச்சுட்டு எழுந்து வா இருசப்பா. வூட்டுக்குப் போலாம்.

— இரு கனகாம்பாக்கா. முடிச்சு போடறவரைக்கும் பேச்சு குடுக்காத, நூலு அவுந்துடும்.

— ஒரு சேதி சொல்லத்தான்டா செல்லிப்பட்டுலேர்ந்து நடந்தே வந்தேன்.

— நீ இன்னா சொல்லப் போறேன்னு தெரியாதா? பாவம்னுதானே? கருமாதி பண்ற படித்துறை, பிண்டச் சோறு தின்னு வளர்ந்த மீனு, ஊர்ல எவனும் வாயில வெக்க மாட்டான். தெரியும்க்கா. நம்ம தம்பி ஜெயில்ல கெடக்கறானே, அதைவிடவா இது பெரிய பாவம்?

— செல்லப்பனைப் பத்தித்தான்டா...

— அவனுக்காகத்தான் இவ்ளோ பாடும். ஆலை கலாட்டாவுல வேடிக்கை பார்த்துகினு நின்னவனைப் புடிச்சு உள்ள போட்டாங்க. இந்த மடுவுல இருக்கற பெரிய கெண்டையை என் தூண்டில்ல மாட்ட வை, மறுநாளே உன் தம்பியை வுடச் சொல்றேன்னு, இங்க கூடாரம் போட்டிருக்கற வெள்ளைக்காரத் துரை வாயாலயே சொன்னாரு. அவரு ஒரு வார்த்தை சொன்னா கதவு தொறந்துடும்.

— துரை சொன்னாராக்கும்.

— ஆமா. மண்புழு கோத்துப் புடிச்சா கணக்கில்லையாம். பூச்சி மாதிரி முள்ளுல கட்டித்தான் புடிக்கணுமாம், அவங்க ஊரு வித்தை. பாரேன், முதல்ல முள்ளுத் தண்டுல ஈயக்கம்பி சுத்தணும், அப்பதான் அடிக்குப் போவும். அதும்மேல முசல் மயிரு, பட்டுநூலு. தண்ணிக்குள்ள கல்லுக்கடியில ரெக்கை முளைக்காத பூச்சி ஊருதில்ல, அச்சு அசலா அதேமாதிரி கட்டிட்டேன். துரையே முதுகுல தட்டிக்குடுத்தாரு. மீனு திரும்பிப் பாக்கணுமே!

— போதும்டா, கேக்க முடியல.

— இதைக் கேளுக்கா. நேத்து காலையில யாரோ பிண்டம் கரைச்சாங்க. சோறு வுழுந்ததும் தண்ணி கொதிக்கறாப்புல கெண்டைங்க மேல வந்துச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது. காலங்காலமா சோறு தின்ன மீனுக்குப் பூச்சியைக் காட்டினா எப்படி வரும்? எருக்கம்பஞ்சைப் பருக்கையாட்டம் உருட்டிக் கட்டினேன். சோறு மெதுவாத்தானே முழுகும், அதனால ஈயத்தைக் கொறச்சேன். ஊடால கறுப்பு நூல்ல பொடி முடிச்சு. எதுக்கு, சொல்லு? எள்ளு!

— ஐயோ, எங்கப்பா...

— அழுவாதக்கா. இன்னிக்கு மத்தியானம் துரை இதைப் போட்டாரு. கெண்டை அப்படியே வாயில வாங்கிச்சு. என் கெட்ட நேரம், நூலு அறுந்துபோச்சு. நாளைக்குக் காலையில கெட்டி நூல்ல போடறாரு. அவ்ளோதான், தம்பி வெளில வந்துடுவான்.

— வர மாட்டான்டா. என் மூஞ்சியைப் பாரு இருசப்பா. ஜெயில்ல பேதியாம். முந்தாநாளே போயிட்டான். அங்கயே பொதச்சுட்டாங்களாம், மூஞ்சிகூடப் பாக்கக் குடுத்துவைக்கல.

— பொய்யி. யாரோ உனக்குத் தப்பா சொல்லியிருக்காங்க.

— ஜெயில் சிப்பாயே வூட்டுக்கு வந்து சொன்னான்டா. நானும் அடிச்சுக்கினு அழுதேன், பொய்யா இருக்கக் கூடாதான்னு. எழுந்திரு. அவனுக்குப் பொண்டாட்டி, புள்ள யாரு இருக்கா? இந்தப் படித்துறையில அவனுக்குச் சோறு போட வேண்டியவன் நீதான்.

— இந்தத் தண்ணியிலயா? என் முள்ளு கெடக்கற தண்ணியிலயா? ஐயோ செல்லப்பா... இரு, கூடாரத்துக்கு ஓடிப்போய்த் துரைகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். பாவம், அவருக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா அந்த மனுசன் தூண்டிலைத் தொட்டிருப்பாரா?

— அவருக்கு நேத்தே தெரியும்டா. சிப்பாய் முதல்ல உன்னைத் தேடி இங்கதான் வந்தானாம். கெண்டை மாட்டறவரைக்கும் உன் காதுல போடக் கூடாதுன்னு துரைதான் திருப்பி அனுப்பினாராம்.