வாழ்த்துக்குக் கீழே ஒரு பேர்

கல்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ் நுரைச்சோலையைத் தாண்டியதும், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த தன் மூத்த சகோதரியிடம், ராத்தாவிடம், தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மகள்ட கலியாணத்துக்கு அவள்ட வாப்பா வாறாராம்."

"மவுத்தாப் போனார், உசிரோட இல்ல எண்டுதானே ஊருக்குச் சொல்லியிருக்கு?"

"அவர் இப்ப பேர்போன கவிஞர்தானே ராத்தா. மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாழ்த்துப் பாடக் கூப்பிட்டிருக்காங்க. அவங்களுக்கு ஒண்டும் தெரியாது."

"அவருக்கு?"

"பொண்ணுட பேரக் கேட்டாராம். அவர் வெச்ச பேர்தானே. கேட்டுட்டு, வாறன் எண்டிருக்கார்."

"நிக்காஹ்ல இன்னார்ட மகள் எண்டு மைக்ல சொல்லுவாங்களே. நாம குடுத்த பொய்ப் பேரக் கேட்டுக்கொண்டு அவர் முன்னுக்கு இருப்பாரா?"

"இருப்பார். இவ்வளவு காலமும் வாய் திறந்தாரா? எனக்குப் பயம் அவரில்ல, மகள்தான். அவளுக்கு எல்லாம் தெரியும்."

ராத்தா திரும்பிப் பார்த்தார்.

"வாழ்த்து அச்சடிச்சு வந்திச்சு. மேல அவள்ட பேர், கீழ அவர்ட பேர். பார்த்துக்கொண்டே இருந்தாள். பொறகு சொல்றாள், 'நிக்காஹுக்கு முந்தி என்னட்ட சம்மதம் கேக்க வாறவங்களுக்கு வாப்பாட பேர நானே சொல்லுறன் உம்மா' எண்டு."

"எந்தப் பேர?"

"அதக் கேக்கத்தான் எனக்கு வாய் வரல்ல ராத்தா."