பத்து ரூபாய்க்கு ஆடிய பாவம்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் சிங்காரவேலு அவர்களே! எட்டு ஊர்க் கபடிக் குழுவின் செயலாளர் நெய்னா முகம்மது அவர்களே! வரப்பிலே நடந்து நடந்து வயதையே வென்றுவிட்ட மூத்தோர்களே! பகலெல்லாம் களத்திலே கதிரடித்த கைவலி தீராமல், கட்டாந்தரையிலே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தலைநிமிர்ந்து நிற்பான் என்று நீங்கள் எதிர்பார்த்து அழைத்த இந்த நடராசன், தலைகுனிந்து உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

கைதட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், கைதட்டாதீர்கள்.

எனக்குக் "கபடி வள்ளல்" என்று பட்டம் தருகிறார்கள். எண்பது ரூபாய் பெறுமானமுள்ள ஆட்டக்காரன் பத்தே ரூபாய்க்கு ஆடினானாம், ஆகவே வள்ளலாம்! வள்ளல் என்றால் தன்னுடையதைக் கொடுப்பவன். நான் யாருடையதைக் கொடுத்தேன்? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவனுக்கா பட்டம்? அவனுக்கா பொன்னாடை?

நம் குழுவின் விதி உங்களுக்குத் தெரியும். ஓர் அணி ஓர் ஆண்டுக்கு ஆட்டக்காரர்களுக்கென்று இருநூற்றைம்பது ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. ஏன் வந்தது இந்த விதி? பண்ணை பெருத்த ஊர் பணத்தை வீசி வீரர்களையெல்லாம் வாங்கிவிடக் கூடாது, குடிசை நிறைந்த ஊரும் கோப்பையைக் கனவு காண வேண்டும் என்பதற்காக வந்தது. நிலத்துக்குத்தான் உச்சவரம்பு வேண்டுமா, ஆட்டத்துக்கும் வேண்டும் என்று இதே மேடையில் முழங்கியவன் நான்! முழங்கிய நானே அந்த வேலியிலே ஓட்டை போட்டேன்.

எப்படி? ஒரு வேலி நிலம், ஆறரை ஏக்கருக்கு மேல் நஞ்சை, எனக்கு உண்டு. குதிரிலே நெல் உண்டு. "ஊருக்காக ஆடுகிறேன், பத்து ரூபாய் போதும்" என்றேன். மிச்சமான எழுபது ரூபாயில் முத்துப்பேட்டையிலிருந்து மூஸாவைக் கொண்டுவந்தார்கள். அவர் பிடித்தால் உடும்புப்பிடி. நான் கபடி பாடிப் போவேன், மூஸா பிடித்துப் போடுவார். நான்கு ஆண்டு, நான்கு கேடயம்! விதி மீறினோமா? இல்லை. எழுத்திலே ஒரு புள்ளிகூட மீறவில்லை. நியாயத்தை மட்டும் மீறினோம்.

என்ன அண்ணே, பின்னாலிருந்து? "அது உங்க பெருந்தன்மைங்க" என்கிறீர்களா? இருங்கள், மீதியையும் கேளுங்கள்.

பக்கத்து ஊர் அணியிலே இளையபெருமாள் ஆடினார். எனக்கு ஒரு மாற்றுக் குறைந்தவரா? இல்லை, ஒரு மாற்றுக் கூடியவர். என் காலை இரண்டு முறை மடக்கிப் போட்டவர். அவருக்கு நிலம் இல்லை. அறுப்பு முடிந்து, ஆற்றிலே தண்ணீர் வருகிற வரைக்கும் வேலையும் இல்லை. அந்த எண்பது ரூபாயில்தான் கோடை முழுக்க அவர் வீட்டு உலை கொதித்தது. இரண்டாம் ஆண்டு, அவர் அணியை நடத்திய பண்ணையார் அவரைக் கூப்பிட்டார். பண்ணையாரின் பெயர் வேண்டாம், அவர் இங்கேயே இருந்தாலும் இருப்பார்.

"ஏம்ப்பா, நடராசனே பத்துக்கு ஆடுறாரு. ஒனக்கு என்னாத்துக்கு எண்பது? பதினஞ்சு தர்றேன், ஆடு."

"அவருக்கு நெலம் இருக்குங்க. எனக்கு ஒடம்புதான் இருக்கு. அதைக் கொறச்சு விக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு வந்த இளையபெருமாள், பேராவூரணிக்குத் தேங்காய் பறிக்கப் போய்விட்டார். அதோடு நின்றதா? அந்த ஆண்டு அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டார்கள் நம் மக்கள். அதே பண்ணையார், களத்துமேட்டிலே நின்றுகொண்டு, "வெளையாட்டுலயே நடராசன் கொறச்சு வாங்குறான், ஒங்களுக்கு மட்டும் கூடக் கேக்குதோ?" என்றார். என் பெயர்! கூலிக்காரர் வாயை அடைக்க என் பெயர் பயன்பட்டது, தாய்மார்களே!

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது, பின்னால் விசாரித்து அறிந்தது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை. நான்காம் கேடயத்தை மாட்டுவண்டியிலே ஏற்றி, மேளம் முழங்க வந்துகொண்டிருந்தேன். வாய்க்கால் கரையிலே, தலையிலே புல்லுக்கட்டோடு இளையபெருமாளின் மனைவி செவ்வந்தி. நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்: "என்ன செவ்வந்தி, அவரு ஏன் ஆட வரலை? பயமா?"

அந்த அம்மா கட்டை இறக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நீங்க ஒங்க கூலிய வேணாம்னீங்க, சரிங்க. எங்க வீட்டுக்காரரு கூலியையும் சேத்துல்ல வேணாம்னுட்டீங்க?"

மேளம் அடித்துக்கொண்டேதான் இருந்தது. எனக்குக் கேட்கவில்லை. எனக்குப் பணத்தாசை இல்லை என்று மார்தட்டினேனே, புகழாசை இருந்ததே! அது பணத்தைவிடப் பெரிய பசி அல்லவா? வயிறு நிறைந்தவன் விரதம் இருந்தால் அது தியாகமா? பசித்தவன் இலையைப் பிடுங்கிக்கொண்டு விரதம் இருந்தேனே, வெட்கம், வெட்கம், வெட்கம்!

ஆகவே பட்டம் வேண்டாம். பொன்னாடையை இதோ மேசையிலே வைக்கிறேன். செயலாளர் அவர்களே, விதியை மாற்றுங்கள். ஆட்டக்காரன் எவ்வளவு வாங்கினாலும், அவன் பெறுமானம் எவ்வளவோ அதையே அணியின் கணக்கில் எழுதுங்கள். வருகிற மாசிப் போட்டியிலே நான் ஆடினால் என் பெயருக்கு நேரே எண்பது. மூஸாவுக்கு எங்கள் அணியில் இடமில்லாமல் போனால், வேறோர் ஊர் அவரால் வாழட்டும். இளையபெருமாளுக்கும் அதே எண்பது கொடுத்து அழையுங்கள்.

யார் அது, விளக்குக் கம்பத்துக்குக் கீழே? இளையபெருமாளா? வாருங்கள், முன்னால் வாருங்கள். என்ன? மேடைக்குக் கேட்கவில்லை, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

"மூணு வருசமா மரமேறி முட்டி போயிடுச்சுங்க. இனிமே எங்கேருந்து ஆடுறது?"

கேட்டீர்களா? எண்பது கொடுத்தாலும் எண்ணூறு கொடுத்தாலும் அந்தக் கால் திரும்பாது. பேச எழுதிக்கொண்டு வந்த தாளை இதோ மடித்து வைக்கிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு தூரம் வந்து என் முகத்தைப் பார்த்த இளையபெருமாளுக்கும் நன்றி. அவர் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

வணக்கம்.