பால்குடி மகன்

...அசையாதீங்க, தோள் அளவு தப்பிடும். என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், மஹ்ரம்! ஹஜ்ஜுக்கு நான் ரெடி, பாஸ்போர்ட் ரெடி, முட்டிவலித் தைலம் கூட ரெடி. கூட வர ஆம்பளை எங்கேங்கறாங்க! அதுவும் புருஷனா இருக்கணும், இல்லேன்னா கட்டிக்கக் கூடாத முறையில உள்ளவனா இருக்கணும், அவன்தான் மஹ்ரம். புருஷன், மகன், அப்பன், கூடப்பொறந்தவன்... எனக்கு இதுல ஒண்ணாவது இருக்கா? வீட்டுக்காரர் மௌத்தாப் போய்ச் சேந்து பல வருஷமாச்சு. பெத்தது ஒரே பொண்ணு. தோ, உள்ள மிஷின்ல தைச்சுட்டிருக்காளே, அவதான். தங்கச்சி வீட்டுக்காரர் மார் தட்டிக்கிட்டு வந்தார். தங்கச்சி இல்லேன்னா கட்டிக்கற முறை, அவர் மஹ்ரம் ஆகமாட்டார், போய் வேலையப் பாருங்கன்னுட்டேன்.

பொம்பளைங்க கூட்டமா சேந்து போலாம்னு மார்க்கம் படிச்ச சில ஹஜரத்து சொல்றாங்க, கூடவே கூடாதுன்னு சில பேரு. வாழ்க்கைல ஒரே தடவ போறேன், மனசு உறுத்தலோடயா போறது? ...கையத் தூக்குங்க.

அப்பத்தான் பக்கத்து வீட்டம்மா கைதட்டிச் சிரிக்கறா. "அடியே, நீ பால் குடுத்த என் புள்ளய மறந்துட்டியா? பால்குடி மகனும் பெத்த மகன் மாதிரி, மஹ்ரம்தானே!"ன்னு. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆளு கதவு அகலத்துக்கு இருப்பான், ஆனா தங்கமான பையன். "உம்மா, உங்க பெட்டிய நான் தூக்கறேன்"னு லீவே போட்டுட்டான்! தெருவே வந்து வாழ்த்துது. எனக்குத்தான் தூக்கம் போச்சு.

ஏன்னா... கிட்ட வாங்க... நான் அவனுக்குப் பாலே குடுக்கலீங்க! ஆமா! அவன் கைக்குழந்தையா இருக்கறப்ப அவங்கம்மாவுக்குக் காய்ச்சல், என்கிட்ட விட்டாங்க. எனக்கு என் பொண்ணுக்கே பால் பத்தல. டப்பாப் பாலைக் கரைச்சு ஊத்துனேன்! நாலஞ்சு வருஷம் முன்ன அவங்கம்மா பொண்ணு கேட்டு வந்தா. அப்ப அவன் வேலைவெட்டி இல்லாம மாடில புறா விட்டுக்கிட்டிருந்தான். மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னா சண்டை வரும். இந்த வாய் இருக்கே, வாய்... "ஐயோ, நான் பால் குடுத்த புள்ளையாச்சே, ரெண்டும் அண்ணன் தங்கச்சியாச்சே"ன்னு உளறிடுச்சு! அவளும் நல்லவேளை சொன்னேன்னு என்னைக் கட்டிப் புடிச்சு அழுதா.

என் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் அவனை ஒரு தடவ அண்ணன்னு கூப்பிட்டதில்ல. வர்ற மாப்பிள்ளையெல்லாம் வேணாங்கறா. ஒருத்தனுக்கு மூக்கு சப்பையாம், ஒருத்தனுக்குக் காது பெருசாம்...

சொன்னா மானம் போகும், சொல்லாட்டி ஹஜ்ஜு போகும். பொய்யைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு அல்லாஹ் வீட்டுக்குப் போக முடியுமா, நீங்களே சொல்லுங்க?

...என்னங்க, ஏன் உள்ள பாக்கறீங்க? மிஷின் சத்தம்... எப்ப நின்னுச்சு? ஏய்! எங்கடி ஓடுற? அது அவங்க வீட்டு வாசல்டி! தலைல துணியப் போடுடி, இனிமே அவன் அண்ணன் இல்ல!... ஐயோ, செருப்பு கூட மாட்டாம ஓடறாளே! சிரிக்க வேற செய்யறா!

இருங்க... இருங்க இருங்க... மருமகனும் மஹ்ரம்தானேங்க?

டேப்பு உங்க கழுத்துலயே இருக்கட்டும், தோ வந்துட்டேன்... டேய் ராசா! போட்ட லீவைக் கேன்சல் பண்ணிடாதடா!