சித்தி வந்த பதினைந்து நாள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதில் உள்ள பெரிய சௌகரியம், காலுக்குச் செருப்பு வேண்டாம் என்பதுதான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாயம் போன பைஜாமா, வெறுங்கால். கேமராவில் தெரிவது பாதி ஆள். மீதிப் பாதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு பயண நிறுவனத்தில் புகார்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு விடுமுறை வந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒருவருக்கு விமானம் ரத்து, இன்னொருவருக்குக் கடலைப் பார்த்த அறை என்று சொல்லிச் சுவரைப் பார்த்த அறை. ஊரார் எல்லாம் குடும்பத்தோடு சந்தோஷமாக இருக்கிறார்களா என்று காலை எட்டு மணியிலிருந்து கவலைப்படுவது என் வேலை.

என் கணவருக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு. அவருக்கும் அந்த நாட்களில் லீவு கிடையாது. போன வருடம் பள்ளி மூடியபோது ஆறு வயது மகள் என் மேசைக்கு அடியிலேயே கலர் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, “அம்மா, முடிஞ்சுதா?” என்பாள். நான் எரிந்து விழுவேன். தொல்லைதான். ஆனால் அவள் கேட்டது என்னைத்தான்.

இந்த வருடம் என் தங்கை உதவிக்கு வந்தாள். அவள் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். குளத்தைப் பழுதுபார்க்க மூடியிருந்தார்கள். “நான் வந்து பாத்துக்கறேன் அக்கா, நீ நிம்மதியா வேலையப் பாரு” என்றாள். நல்ல மனசு அவளுக்கு. அதை நான் எப்போதுமே மறுத்ததில்லை.

முதல் நாளே என் அறைக் கதவில் ஒரு அட்டையை ஒட்டினார்கள். ‘அம்மா வேலை. உஷ்’ என்று என் மகளின் கோணல் எழுத்து. அதற்குப் பிறகு வீடே எனக்காக அடங்கி நடந்தது. ஆனால் சிரிப்பை எவ்வளவு அடக்கினாலும் கதவு வழியாகக் கசிந்துவிடும். நாற்காலிகளைக் கவிழ்த்துப் படகு கட்டியதும், ஹாலில் போர்வையை விரித்து நீச்சல் பழகியதும் எனக்குச் சத்தமாக மட்டுமே தெரியும். எதற்குச் சிரித்தீர்கள் என்று சாப்பிடும்போது கேட்டால், “அது உனக்குப் புரியாதும்மா” என்று மகள் சித்தியைப் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் மறுபடி சிரிப்பு வரும்.

எட்டாம் நாள் மகள் வாசலில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அழுதபடி ஓடி வரும் சத்தம் கேட்டு, ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தேன். கைகளையும் நீட்டிவிட்டேன். அவள் என்னைத் தாண்டிச் சமையலறையில் இருந்த சித்தியிடம் ஓடினாள். அன்று மாலை தங்கையின் மடியில் தலை வைத்துக்கொண்டு, “சித்தி, நீயே இங்க இருந்துடு. அம்மாவுக்குத்தான் ஆபீஸ் இருக்கே” என்றாள். தங்கை சங்கடப்பட்டு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அந்த வார்த்தை சரியாகப் படவில்லை. என் பொருளை நான் கேட்பது எப்படிப் பொறாமையாகும்?

மகளுக்கு முந்திரி ஆகாது. வாயில் பட்டால் முகம் வீங்கும், மூச்சு இழுக்கும். அதற்கென்று ஓர் ஊசி எப்போதும் ஃபிரிட்ஜின் மேல் ஒரு டப்பாவில் இருக்கும். தங்கைக்கும் அது தெரியும். கடையில் ஒரு பாக்கெட்டைக்கூட மூன்று தடவை படித்துவிட்டுத்தான் வாங்குவாள். அவளிடம் குறை சொல்ல எதுவுமே இல்லை. அதுதான் என் கஷ்டம். ஒரே ஒரு தவறு செய்தால் போதும், அவளே பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று தோன்றியது. அவளாகச் செய்ய மாட்டாள் என்பதால் நான் செய்து கொடுத்தேன்.

முந்திரிப் பொடி கூரியரில் வந்தது. அலுவலகப் பார்சல் என்று நினைத்துத் தங்கையே கையெழுத்துப் போட்டு வாங்கி என் மேசையில் வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு எங்களுக்குக் கூட்டம். இருபத்திரண்டு பேர். தங்கை பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்து மூடி வைத்துவிட்டு, துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். கேமராவை அணைத்துவிட்டு, ஹெட்போனோடு சமையலறைக்குப் போனேன். வெறுங்கால் என்பதால் சத்தமில்லை. அப்படியும் மகள் வந்து நின்றாள்.

“என்னம்மா போடுற?”

“மாவுடா கண்ணு.”

“சித்தி எல்லாம் போட்டாச்சே.”

“இன்னும் கொஞ்சம் வேணும். போய் விளையாடு.”

அப்போது காதில் எங்கள் மேலாளர், “யார் வீட்டுலயோ சமையல் நடக்குது போல” என்றார், எல்லோரும் சிரித்தார்கள். மைக்கை அணைக்க மறந்திருந்தேன். லீவில் போனவர்களுக்காக அந்தக் கூட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். லீவு முடிந்து வந்த ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு உங்களிடம் கொடுத்திருக்கிறாள். அவளை நான் தப்பு சொல்லவில்லை.

அறைக்குத் திரும்பும்போது ஃபிரிட்ஜின் மேலிருந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். அதைக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஊசியைப் போடுவது நானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை. பிள்ளை பிழைத்துக்கொள்ளும், தங்கை தலைகுனிவாள், எல்லாம் முன்போல் ஆகிவிடும்.

மகள் முதல் பிஸ்கட்டைத் தின்ற சிறிது நேரத்தில் தங்கை என் கதவைத் தட்டியபோது நான் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்ததாகவும், கேட்கவில்லை என்றும் உங்களிடம் முன்பு சொன்னேன். அது பொய். என் முறை முடிந்திருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தேன். “அக்கா, ஊசியக் காணோம். கதவத் திற அக்கா” என்று அவள் கத்தியது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. ஊசி என் கையில்தான் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் முதல்முறையாக அந்த வீட்டில் எல்லோருக்கும் நான் வேண்டியிருந்தது. மகள் ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டால் திறந்துவிடலாம் என்று காத்திருந்தேன். தொண்டை அடைத்த பிள்ளையால் கூப்பிட முடியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோ கழித்துத்தான் கதவைத் திறந்து ஊசியைப் போட்டேன்.

உயிர் பிழைத்தாள். மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரம்தான் அதிகம் என்றார் மருத்துவர். இப்போது அவள் பேசுவதில்லை, நடப்பதில்லை, யாரையும் அடையாளம் கண்டுகொள்வதில்லை. என் கணவர் தங்கையைப் பார்த்து, இனி இந்தப் பக்கமே வராதே என்றார். பதினைந்தாம் நாள் அவள் போனாள். தெரியாமல் நடந்ததை மன்னித்துவிடுங்கள் என்று நான்தான் அவரிடம் எடுத்துச் சொன்னேன். எங்கே தவறினோம் என்று அவள் இன்னும் அந்த மாவுப் பாக்கெட்டைப் படித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

மகளின் கட்டிலை என் அறையிலேயே போட்டுக்கொண்டேன். நான் வேலை பார்ப்பேன், அவள் பக்கத்தில் படுத்திருப்பாள். இடையில் எழுந்து அவள் வாயைத் துடைப்பேன், புரட்டிப் படுக்க வைப்பேன். அவளுக்கு நான் மட்டும்தான். அதனால்தான் கேட்கிறேன், இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டதும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா? நான் இல்லாவிட்டால் தேடுவாள்.

போன வாரம் தங்கை யாருக்கும் தெரியாமல் ஜன்னல் பக்கம் வந்து நின்று, அவளைச் செல்லமாக ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். மகளின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. உதடுகூட அசைந்தது. அது வெறும் தசை இழுப்பு. மருத்துவரைக் கேட்க வேண்டியதில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா?