டெக்லனி என்ற நத்தைப் பெயரின் மறைவு

மேடையில் வீற்றிருக்கும் மலைமேட்டு இயற்கை ஆர்வலர் சங்கத் தலைவர் நெவில் அவர்களே, ஈரப் பூட்ஸோடு வந்து தரையைச் சேறாக்கிய உறுப்பினர்களே, லாமிங்டன் கேக் தட்டை விட்டு நகராத என் வகுப்புத் தோழர்களே! வடக்குக் குயின்ஸ்லாந்தையே உலுக்கியிருக்க வேண்டிய, ஆனால் எந்த வானொலியும் வாய் திறக்காத துயரச் செய்தியை அறிவிக்கிறேன். 'டெக்லனி' என்ற நத்தைப் பெயர் சென்ற வாரம் காலமானது. நத்தை நலம். பெயர்தான் போய்விட்டது.

யாருடைய பெயர் அது? என் பெயர்! டெக்லன் ஃபெராரோ என்ற பெயரை இந்த ஊர் இதற்கு முன் எங்கே எழுதிவைத்தது? பள்ளியின் தண்டனைப் பலகையில். வேறெங்கே? வேறெங்கும் இல்லை!

பள்ளிச் சுற்றுலாவில் ஆசிரியரின் தொப்பிக்குள் அட்டைப்பூச்சி விட்டதற்காக என்னைத் தனியே நிறுத்தினார்கள். சும்மா நிற்பேனா? மட்கிய மரத்தைப் புரட்டினேன். அடியில் ஒரு நத்தை: கறுத்த ஓடு, பொன்னிற விளிம்பு! உடன் வந்திருந்த நத்தை ஆய்வாளர் டாக்டர் ரோஸ் ஓடி வந்தார்.

"எங்கடா எடுத்தே இதை?"

"நான் எடுக்கல மிஸ். அதுவா கைல ஏறிச்சு."

"வாயை மூடு. இது புது இனம்டா! உன் பேரையே வைக்கப்போறேன்."

"என் பேரை வெச்சா நத்தை கெட்டுப்போயிடாதா?"

"நீ ஹோம்வொர்க் செய்யுற வேகத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்."

லத்தீன் முறைப்படி 'டெக்லனி' என்று வைத்தார். ஆய்விதழில் அச்சிலும் வந்தது. அந்தப் பெயர் ஆற்றிய தொண்டு கொஞ்சமா? அந்தப் பக்கத்தை அப்பா சட்டம் போட்டு எங்கள் பேக்கரியில் மாட்டினார். "பாத்தீங்களா, என் பையன் பேரு லத்தீன்ல!" என்று காட்டாமல் யாருக்கும் ரொட்டி கொடுப்பதில்லை. என்னைப் பற்றி அவர் சிரித்தபடி பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெயரைக் கொன்றது யார்? வைத்தவரே! அதோ, தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறாரே, அவரே! என் நத்தையும் பக்கத்து மலை நத்தையும் ஒரே இனம் என்று எழுதிவிட்டார்.

"என்ன மிஸ், இப்படிப் பண்ணிட்டீங்க?"

"தப்பு என்னோடதுதான்டா. ஈரமான பக்கம் வளந்தா ஓடு கறுக்கும்னு அப்போ தெரியல. ஒரே இனத்துக்கு ரெண்டு பேரு இருந்தா, முதல்ல வெச்சதுதான் நிக்கும்."

பக்கத்து மலை நத்தைக்கு முதலில் வைத்தது யார் பெயரை? பழங்கால ஆளுநர் ஒருவரின் மைத்துனர் பெயரை! செருப்பில் சேறு படாத மனிதர்! அவர் பெயரைக் காட்டிச் சிரிக்க அவருக்கு ஒரு பேக்கரிக்கார அப்பா இருந்தாரா? என் அப்பாவிடம் இதை யார் சொல்வது? இன்று காலையும் அந்தச் சட்டத்தைத் துடைத்தாரே! நம்பினேனே, டாக்டர் ரோஸ்!

ஆகவே இந்த அவையில் சூளுரைக்கிறேன். டெக்லனி தனி இனம் என்று நிரூபிக்கும் வரை ஓயமாட்டேன்! மரபணுச் சோதனை எதற்கு? என் நத்தையை ஆயிரம் நத்தைகளுக்கு நடுவிலும் அடையாளம் காட்டுவேன்!

...சரி. உட்காரும் முன் ஒன்று. இரண்டு மலை நத்தைக் குஞ்சுகளையும் ஒரே ஈரத்தில் வளர்த்த தட்டை டாக்டர் ரோஸ் இன்று என் முன்னால் வைத்து, "உன்னோடதை எடுடா" என்றார். உடனே எடுத்தேன். அஞ்சலிக்காக இந்த மேசையில் மலரோடு வைத்திருக்கிறேனே, அது... பக்கத்து மலையுடையதாம்.

அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் என்கூட வந்தால் மட்டும் போதும், மிஸ்.