அன்னாசித் தண்டின் மகிமை

— ...ஆகவே, அன்பார்ந்த குடியிருப்போரே, அன்னாசித் தண்டிலிருந்து பிழிந்தெடுத்த இந்த என்சைம் எப்பேர்ப்பட்ட வீக்கத்தையும் வேரோடு கரைக்கும்! நாளைக்குச் சங்கக் கூட்டத்துல இப்படித்தான் பேசப் போறேன், எப்படி இருக்கு?

— கையை ஆட்டாதீங்க, குழம்புல விழப் போறீங்க. லிஃப்டை ஓட வைக்கத்தான் உங்களைச் சங்கச் செயலாளர் ஆக்கினாங்க. வைத்தியர் பதவி எப்போ வந்துச்சு?

— நக்கல் பண்ணாதே. மூணு மாசம் முன்னாடி என் முட்டி எப்படி இருந்துச்சு? பூசணிக்கா! இப்போ பாரு, விஞ்ஞானபூர்வமா வத்திப் போச்சு.

— லிஃப்ட் ஓட ஆரம்பிச்சும் மூணு மாசம்தான் ஆச்சு. நாலு மாடி ஏறாம இருந்தா எந்த முட்டியும் தானா வத்தும்.

— உனக்குப் பொறாமை. மாசக்கணக்கா நம்ம வீட்டுல தங்கியிருக்கற உன் அக்காவுக்குப் புரிஞ்சிடுச்சு. முட்டி ஆபரேஷனே வேண்டாம், ரத்து பண்ணிடுங்கன்னேன். தலையாட்டிட்டாங்க.

— அய்யோ! இதுக்கு மேல தள்ளிப் போட்டா நடக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரேங்க!

— கத்தி வச்சிருக்கறவன் வேற என்ன சொல்லுவான்? சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு போன் போடப் போறாங்க.

— சரி, ஒண்ணு கேக்கறேன். இந்த மருந்து அடுப்புச் சூட்டுல செத்துப் போயிடாதா?

— இதுவா? கொதிக்கிற எண்ணெயில போட்டாலும் வீரியம் குறையாது! மருந்துக் கம்பெனிக்காரர் மேடையிலயே சத்தியம் பண்ணினாரு.

— சாப்பாட்டோட கலந்து போனா?

— இரட்டிப்புப் பலன்! ஏன், நீயும் ஆரம்பிக்கப் போறியா?

— ஆரம்பிச்சாச்சு. நீங்க முதல் டப்பா வாங்கின வாரமே ஒரு கேப்சூல் உடைஞ்சு ஆட்டுக்கறியில கொட்டிச்சு. செருப்புத் தோல் மாதிரி இருந்த கறி பஞ்சா வெந்துச்சு. அன்னையிலேர்ந்து அத்தனையையும் பிரிச்சு கறியிலதான் போடறேன்.

— அப்போ நான் தினமும் முழுங்கறது?

— அரிசி மாவு. காலி கேப்சூல் கூட்டுக்குள்ள அடைச்சுத் திரும்ப டப்பாவுல வச்சிடுவேன்.

— அடிப்பாவி! நான் செயலாளர்டி! இரு... இரு இரு. கறியில போனா என்ன? வயித்துக்குள்ளதானே போச்சு! சாப்பாட்டோட, இரட்டிப்புப் பலன்! அதான் முட்டி இப்படி வத்தியிருக்கு! இதையும் நாளைக்குப் பேச்சுல சேத்துடறேன்.

— தாராளமா சேத்துக்கோங்க. ஆனா வீக்கத்துக்கு ஆகாதுன்னு கறியைக் கண்டாலே மூக்கைப் பொத்தறது யாரு?

— ...நான்தான். அப்போ அத்தனை மருந்தும் யார் வயித்துக்குப் போச்சு?

— மூணு மாசமா ஒரு துண்டு விடாம சாப்பிட்டவ உள் ரூம்ல படுத்திருக்கா. போய் இன்னும் பூசணிக்காயாவே இருக்கற எங்க அக்கா முட்டியை விஞ்ஞானபூர்வமா பாத்துட்டு, ஆஸ்பத்திரிக்கு என்ன சொல்லணும்னு நீங்களே அவகிட்ட சொல்லிட்டு வாங்க.